கல் தூசியும் நுரையீரலும்: வாசகர் கேள்வி – பதில்

கிரானைட் பட்டறையில் வேலை செய்யும் ஒருவரின் நாட்பட்ட இருமலைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, கல் தூசி நுரையீரலில் தங்கி உண்டாக்கும் சிலிக்கோசிஸ் என்னும் நோயை ஓரிரு வரிகளில் குறிப்பிட்டிருந்தேன். அதைப் படித்துவிட்டு மேலூர், வாடிப்பட்டி, விளாச்சேரி, கப்பலூர் எனப் பல ஊர்களிலிருந்து வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் செய்யும் தொழில்கள் வேறு வேறு. சுவாசிக்கும் தூசி ஏறத்தாழ ஒன்றே. எனவே இந்த இதழின் பக்கங்களை அக்கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் கணவருக்கு 43 வயது. இளம் வயதிலிருந்தே மேலூர்ப் பக்கத்துக் குவாரிகளில் கம்ப்ரசர் வைத்து வெடிக்குழி போடும் வேலை பார்த்தார். 2012-இல் குவாரிகள் மூடப்பட்ட பிறகு ஒத்தக்கடைப் பக்கம் ஒரு பட்டறையில் கல் அறுக்கப் போகிறார். மூன்று ஆண்டுகளாக வறட்டு இருமலும், மாடிப்படி ஏறினால் இளைப்பும் இருக்கின்றன. இரண்டு முறை ஆறு ஆறு மாதம் காசநோய் மாத்திரை சாப்பிட்டார். சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்றுதான் இரண்டு முறையும் வந்தது; எக்ஸ்-ரேயைப் பார்த்துத்தான் மருந்து கொடுத்தார்கள். இளைப்பு குறையவே இல்லை. இது காசநோயா, தூசியா?
— ஒரு வாசகி, மேலூர் வட்டம்

பதில்: சகோதரி, நோயைக் கண்டறிய உதவும் மிக முக்கியமான செய்தி, உங்கள் கணவர் பார்த்த வேலையைப் பற்றி நீங்கள் எழுதியிருக்கும் அந்த இரண்டு வரிகளில்தான் இருக்கிறது. அதை இதுவரை எந்த மருத்துவராவது கேட்டாரா என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டிருக்கமாட்டார்கள் என்றே அஞ்சுகிறேன்.

நம் பக்கத்துக் கருங்கல்லிலும் கிரானைட்டிலும், வெங்கச்சங்கல் என்று நாம் சொல்லும் குவார்ட்ஸ் கலந்திருக்கிறது. படிகச் சிலிக்கா என்பது பெரும்பாலும் இதுவே. கல்லைத் துளைக்கும்போது எழும் தூசியில் பருமனான துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிச் சளியோடு வெளியேறிவிடுகின்றன. ஏறத்தாழ 4 மைக்ரானுக்கும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறிய துகள்களே நுரையீரலின் கடைசிக் காற்றுப்பைகள் வரை செல்லக்கூடியவை. அங்கே நுரையீரலைத் துப்புரவு செய்யும் உயிரணுக்கள் அவற்றை விழுங்குகின்றன. ஆனால் படிகம் கரைவதில்லை, விழுங்கிய அணுவைக் கொன்றுவிட்டு வெளியே வருகிறது. வெளிவந்ததை அடுத்த அணு விழுங்கிச் சாகிறது. ஆண்டுக்கணக்கில் இது நடக்கும்போது அவ்விடங்களில் அழற்சியும், அதன் விளைவாகத் தழும்பும், தழும்பு உருண்டு திரண்ட முடிச்சுகளும் உண்டாகின்றன. பஞ்சுபோல விரிந்து சுருங்க வேண்டிய நுரையீரல் இறுகிப்போவதால் இளைப்பு வருகிறது. தூசி வேலையை விட்ட பிறகும், உள்ளே தங்கிய துகள்களால் இந்தத் தழும்பு சிலருக்கு வளர்ந்துகொண்டே போகும்.

இந்த முடிச்சுகள் பெரும்பாலும் நுரையீரலின் மேற்பகுதியில் தோன்றுகின்றன. காசநோயும் அதே மேற்பகுதியைத்தான் அதிகம் தாக்குகிறது. இருமல், இளைப்பு, எடைக் குறைவு ஆகியவையும் இரண்டுக்கும் பொது. காசநோய் மிகுந்த நம் நாட்டில் மருத்துவர் முதலில் காசநோயை ஐயுறுவது இயல்பே. அதில் குற்றம் காண முடியாது. ஆனால் சளியில் கிருமி இல்லை, முழுச் சிகிச்சையிலும் குணமில்லை என்ற பிறகும் வேலையைப் பற்றி விசாரிக்காமல் அதே மருந்தை மறுபடி எழுதுவது சரியன்று.

இதற்காக, 'அப்படியானால் காசநோய் இல்லை' என்று நீங்களாக முடிவு செய்துவிடவும் கூடாது. சிலிக்கா தூசி படிந்த நுரையீரலில் காசநோய்க் கிருமியை எதிர்க்கும் ஆற்றல் குறைந்துவிடுகிறது. ஆகையால் சிலிக்கோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு. அப்போது காசநோய் மருந்தை வழக்கத்தைவிடக் கூடுதல் காலம் கொடுக்க வேண்டியிருக்கும்.

இப்போது செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். உங்கள் கணவர் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, எந்தக் குவாரியில், என்ன கருவியோடு வேலை செய்தார், தண்ணீர் ஊற்றித் துளைத்தார்களா, உலர்வாகவா என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய எக்ஸ்-ரே படங்கள் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி எடுத்துக்கொண்டு, மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் நெஞ்சகப் பிரிவுக்கோ, தோப்பூரில் உள்ள அரசு நெஞ்சக மருத்துவமனைக்கோ செல்லுங்கள். தாளை முதலில் கொடுத்துவிட்டு, பிறகு படங்களைக் கொடுங்கள். புதிய எக்ஸ்-ரே, தேவையானால் சி.டி. ஸ்கேன், மூச்சின் கொள்ளளவை அளக்கும் ஸ்பைரோமெட்ரி, சளியில் காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனை ஆகியவற்றைச் செய்வார்கள். நெஞ்சுப் படத்தில் முடிச்சுகளின் அளவையும் அடர்த்தியையும் தரம் பிரிப்பதற்குப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வகுத்த முறை ஒன்று உண்டு. அந்தத் தரத்தை அறிக்கையில் எழுதித் தரும்படி கேளுங்கள், பின்னால் இழப்பீடு கோரும்போது அது உதவும்.

சிலிக்கோசிஸ் என்று உறுதியானால், தழும்பை நீக்கும் மருந்து இன்றுவரை இல்லை என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நுரையீரலைக் கழுவிச் சுத்தம் செய்வதாகச் சொல்லிப் பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள்; கழுவினாலும் தழும்பு போகாது. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து, மூச்சுப் பயிற்சி, தேவைப்படும்போது ஆக்சிஜன், ஃப்ளூவுக்கும் நிமோனியாவுக்கும் தடுப்பூசி, காசநோய்க்கு ஆண்டுதோறும் பரிசோதனை, தகுதியிருந்தால் காசநோய்த் தடுப்பு மருந்து ஆகிய இவையே சிகிச்சை. பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் உடனே விட வேண்டும். படிகச் சிலிக்கா தூசி மனிதருக்கு நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இலேயே உறுதிப்படுத்தியது. புகை அந்த ஆபத்தை இன்னும் பெருக்குகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் அறுப்பு வேலைக்கு இனிப் போகக் கூடாது. ஒரு குடும்பத்தின் வருமானத்தை நிறுத்தச் சொல்வது எவ்வளவு கடினம் என்பதை உணர்ந்தேதான் எழுதுகிறேன். அதே முதலாளியிடம் தூசி இல்லாத வேலை, அதாவது ஏற்றி அனுப்பும் கணக்கோ காவலோ, கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: வாடிப்பட்டிப் பக்கம் கிரஷரில் ஜல்லி உடைக்கும் இடத்தில் வேலை செய்கிறேன். முகத்தில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொள்கிறோம். வேலை முடிந்ததும் வெல்லமும் வாழைப்பழமும் தின்றால் தூசி வயிற்றோடு இறங்கிவிடும் என்று எங்கள் மேஸ்திரி கொடுப்பார். இது போதுமா?
— ஒரு தொழிலாளர்

பதில்: போதாது தம்பி. வெல்லமும் பழமும் உணவுக்குழாய் வழியே வயிற்றுக்குப் போகின்றன. தூசி மூச்சுக்குழாய் வழியே நுரையீரலுக்குப் போகிறது. தொண்டையில் ஒட்டிய பருமனான தூசியை வெல்லம் விழுங்க வைக்கலாம், அதனால் தொண்டைக்குச் சற்று இதமாகவும் இருக்கலாம். காற்றுப்பைக்குள் போன துகளை எந்தத் தின்பண்டமும் தொடாது. மேஸ்திரி அக்கறையோடுதான் கொடுக்கிறார். வாங்கிச் சாப்பிடுங்கள், ஆனால் அதைப் பாதுகாப்பு என்று எண்ணாதீர்கள்.

துண்டின் இழைகளுக்கு இடையே உள்ள ஓட்டைகள், ஆபத்தான துகள்களைவிடப் பல மடங்கு பெரியவை. ஆகவே துண்டு பருமனான தூசியைத் தடுத்து, மூச்சுவிட வசதியாக இருப்பது போன்ற தைரியத்தைத் தந்து, நுண்தூசியை உள்ளே விட்டுவிடுகிறது. அறுவை அரங்கில் கட்டும் பச்சை முகக்கவசமும் இதற்கு உதவாது. குறைந்தபட்சம் என்-95 தரமுள்ள முகக்கவசம் வேண்டும். அது மூக்கின் இருபுறமும் கன்னத்திலும் இடைவெளியின்றிப் படிய வேண்டும். தாடி இருந்தால் படியாது. வியர்வையில் நனைந்ததையும், தூசி அடைத்து மூச்சுவிடக் கடினமானதையும் மாற்றிவிட வேண்டும். நாள் முழுதும் வெயிலில் நின்று அதை அணிவது எளிதன்று என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் முகக்கவசம் கடைசிக் காப்பாக இருக்க வேண்டும் என்கிறோம். கல் கொட்டும் வாயிலிலும், கன்வேயர் பட்டை விழும் இடங்களிலும் தண்ணீர் தெளிப்பான்கள் இயங்குகின்றனவா, சல்லடைகள் மூடப்பட்டிருக்கின்றனவா என்பதே முதல் கேள்வி. உங்கள் கிரஷரில் எம்-சாண்டும் தயாரிக்கிறார்கள் என்றால் கல் இன்னும் நுண்மையாக அரைபடுகிறது. மூடி மறைப்பதும் நனைப்பதும் அங்கே இன்னும் கட்டாயம்.

கேள்வி: மதுரையில் வீடுகளுக்குச் சமையல் மேடை, தரை, குளியலறை டைல்ஸ் பதித்துத் தருகிறோம். கட்டிங் மெஷினை வீட்டுக்குள்ளேயே வைத்து அறுப்பதுதான் வழக்கம். இப்போது 'குவார்ட்ஸ் டாப்' என்ற பலகையை வாடிக்கையாளர்கள் அதிகம் கேட்கிறார்கள். எல்லாக் கல்லும் ஒரே அளவு ஆபத்தா? நாங்கள் குவாரியில் வேலை செய்பவர்கள் அல்லவே.
— ஒரு ஒப்பந்தக்காரர், அண்ணா நகர்

பதில்: 'நாங்கள் குவாரியில் வேலை செய்பவர்கள் அல்லவே' என்ற உங்கள் கடைசி வரிதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. குவாரியில் தலைக்கு மேல் வானம் இருக்கிறது, காற்று ஓரளவு தூசியைக் கொண்டுபோகிறது. பத்துக்குப் பத்து அறையில், சன்னலைச் சாத்திக்கொண்டு, நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்றுச் சுழலும் வைரப் பல் தகட்டால் உலர்வாக அறுப்பவர், அந்தக் குவாரித் தொழிலாளரைவிட அடர்ந்த தூசியைச் சுவாசிக்க நேரும். நுண்தூசி கீழே படியவும் மணிக்கணக்கில் ஆகும். நீங்கள் அறுத்து முடித்துத் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பி வரும்போதும் அது காற்றிலேயே இருக்கிறது. பக்கத்து அறையில் பூசிக்கொண்டிருக்கும் கொத்தனாரும், சித்தாளும், வேலையைப் பார்க்க வந்த வீட்டுக்காரரும் அதைத்தான் சுவாசிக்கிறார்கள்.

எல்லாக் கல்லும் ஒன்றன்று. மார்பிளிலும் சுண்ணாம்புக்கல்லிலும் சிலிக்கா மிகக் குறைவு, பொதுவாக 2 விழுக்காட்டை ஒட்டியது. கிரானைட்டில் 20 முதல் 45 விழுக்காடு வரை இருக்கும். செங்கல்லில் 30 விழுக்காடு வரையும், டைல்ஸில் 30 முதல் 45 வரையும் இருக்கலாம். கான்கிரீட்டிலும் கலவையிலும், அவற்றில் சேர்ந்த மணலையும் ஜல்லியையும் பொறுத்து, 25 முதல் 70 விழுக்காடு வரை செல்லும். ஆகவே மின்குழாய் பதிக்கச் சுவரில் காடி வெட்டுபவரும் இந்தப் பட்டியலில் சேர்ந்தவரே. மணற்கல்லில் 70 முதல் 90 விழுக்காடு.

நீங்கள் சொல்லும் குவார்ட்ஸ் பலகை பூமியிலிருந்து வெட்டி எடுத்த கல் அன்று. அரைத்த குவார்ட்ஸைப் பிசினோடு சேர்த்து அழுத்தி ஆலையில் செய்யும் செயற்கைக் கல். அதில் சிலிக்கா 90 விழுக்காட்டுக்கு மேலும் இருப்பது உண்டு. வெளிநாடுகளில் இதை உலர்வாக அறுத்த இளைஞர்களுக்கு, கல் தொழிலில் இருபது முப்பது ஆண்டுகள் கழித்து வரக்கூடிய நோய், சில ஆண்டுகளிலேயே வந்து, சிலருக்கு நுரையீரல் மாற்று அறுவைச் சிகிச்சை வரை சென்றது. ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இதன் தயாரிப்பு, விற்பனை, பொருத்துதல் ஆகியவற்றுக்குத் தடை விதித்தது. சமையலறையில் பொருத்தப்பட்டுவிட்ட பலகை வீட்டில் வசிப்பவருக்குத் தூசி ஆபத்தைத் தருவதில்லை. அறுப்பவருக்கும் விளிம்பு தீட்டுபவருக்குமே ஆபத்து. என்னைக் கேட்டால், அந்த வேலையை ஏற்காதீர்கள் என்பேன். வாடிக்கையாளருக்கு நம் ஊர்க் கிரானைட்டையே பரிந்துரை செய்து, அதையும் தண்ணீர் விட்டு அறுங்கள்.

வீட்டுக்குள் தண்ணீர் விட்டு அறுத்தால் சேறாகும் என்பீர்கள். அளவெடுத்துக்கொண்டு, வெளியில் திறந்தவெளியில் அறுத்து, உள்ளே கொண்டுவந்து பதியுங்கள். தண்ணீர் தகட்டின் மீது தொடர்ந்து விழ வேண்டும். கையால் அவ்வப்போது மக்கிலிருந்து தெளிப்பது போதாது. கையில் பிடித்து அறுக்கும் கருவிக்கு நிமிடத்துக்கு அரை லிட்டர் அளவாவது வேண்டும். மின்கருவியோடு தண்ணீரைச் சேர்க்கும்போது, மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. கருவி இல்லாமல் ஒருபோதும் வேலை செய்யாதீர்கள். நுரையீரலைக் காப்பாற்றப்போய் உயிரை இழந்துவிடக் கூடாது.

கேள்வி: விளாச்சேரியில் கொலு பொம்மை செய்கிறோம். மண்ணிலும் சிலிக்கா உண்டாமே?
— ஒரு கைவினைஞர்

பதில்: உண்டு, அம்மா. ஆனால் பிசைந்த ஈர மண்ணிலிருந்து தூசி எழுவதில்லை, ஆகவே வனையும்போதும் அச்சில் அடிக்கும்போதும் அஞ்ச வேண்டியதில்லை. உலர்ந்த மண்ணை இடித்துச் சலிக்கும் இடம், காய்ந்த பொம்மையை உப்புத்தாளால் தேய்க்கும் இடம், மாலையில் தரையைப் பெருக்கும் இடம் ஆகிய மூன்றும்தான் கவனிக்கத்தக்கவை. மண்ணை இடிப்பதற்கு முன்பே தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்து வடிகட்டினால் முதல் தொல்லை தீர்ந்துவிடும். தேய்ப்பதை ஈரத் துணியாலோ ஈரக் கடற்பஞ்சாலோ செய்யலாம். தரையைப் பெருக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள். மானாமதுரையில் பானையும் கடமும் செய்பவர்களுக்கும் இதே விடைதான். பாரிஸ் சாந்தில் செய்யும் பொம்மைகளில் சிலிக்கா மிகக் குறைவு. அந்தத் தூசி எரிச்சல் தரும், ஆனால் இந்த நோயைத் தராது.

கேள்வி: என் தந்தை கல்தச்சர். உளியும் சுத்தியலும் கொண்டு எழுபது வயது வரை சிலை செய்தார். அவருக்கு ஒன்றும் வரவில்லை. நான் கிரைண்டரால் வேலை செய்கிறேன், நாற்பது வயதில் இருமுகிறேன். கல் மாறவில்லையே?
— ஒரு வாசகர், திருப்பரங்குன்றம்

பதில்: கல் மாறவில்லை, கருவி மாறிவிட்டது. உளி கல்லைச் சில்லுச் சில்லாகப் பெயர்க்கிறது. சில்லு கீழே விழுந்துவிடும். நுண்தூசியும் எழும், ஆனால் குறைந்த அளவில். கிரைண்டர் தகடோ கல்லை மாவாக அரைத்து முகத்துக்கு நேராக வீசுகிறது. உங்கள் தந்தை ஒரு வாரத்தில் எழுப்பிய நுண்தூசியை நீங்கள் ஒரு காலை வேளைக்குள் எழுப்பிவிட முடியும். மேலும், அப்போதுதான் உடைந்த சிலிக்கா பரப்பு, பழைய பரப்பைவிட உயிரணுக்களை அதிகமாகத் தாக்குகிறது என்பதும் அறியப்பட்டதே. உளியால் செய்தவர்களுக்கு இந்நோய் வராது என்றும் நான் சொல்லமாட்டேன்; கல்தச்சரின் மூச்சு நோயைப் பற்றி, மின்கருவிகள் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே மருத்துவர்கள் எழுதிவந்திருக்கிறார்கள்.

நீங்கள் உடனே எக்ஸ்-ரே எடுத்துக்கொள்ளுங்கள். வேலையில், பெரும்பகுதியை அகற்றக் கிரைண்டரைத் தண்ணீர் இணைப்போடும், முகம், விரல் போன்ற நுண்வேலைக்கு உளியையும் பயன்படுத்தலாம். உட்கார்ந்திருக்கும் திசையை மாற்றி, காற்று உங்கள் முதுகுப்புறமிருந்து வருமாறு அமர்வதும் சிறிது உதவும்.

திருப்பணி வேலைகளுக்குப் போகும் உங்கள் தோழர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கோயில் தூண்களிலும் சுவர்களிலும் படிந்த எண்ணெய்ப் பிசுக்கையும் சுண்ணாம்பையும் நீக்குவதற்கு, அழுத்தக் காற்றோடு மணலை வீசும் முறை நம் மாநிலத்தில் ஒரு காலத்தில் பரவியிருந்தது. சிற்பங்களும் கல்வெட்டுகளும் சிதைகின்றன என்று அறிஞர்கள் எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பு மிக நியாயமானது. ஆனால் குழாயைப் பிடித்து நின்றவரின் நுரையீரலைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசியதில்லை. மணல் ஏறத்தாழ முழுவதும் குவார்ட்ஸ்; அது கல்லில் மோதிப் பொடியாகும்போது எழும் தூசியைவிட மோசமானது இத்தொழில்களில் வேறில்லை. பிரிட்டன் வார்ப்புப் பொருள்களை மணல் வீசிச் சுத்தம் செய்வதை 1949-லேயே தடை செய்தது. துருக்கியில் ஜீன்ஸ் துணியை வெளுக்கவைக்க மணல் வீசிய இளைஞர்கள் பலர் இறந்த பிறகு, 2009-இல் அங்கும் அது தடை செய்யப்பட்டது. எங்காவது அந்த வேலைக்கு அழைத்தால், எவ்வளவு கூலி தந்தாலும், போகாதீர்கள்.

கேள்வி: கப்பலூரில் சிறிய அளவில் கிரானைட் பாலீஷ் பட்டறை நடத்துகிறேன். என்னிடம் எட்டுப் பேர் இருக்கிறார்கள். தூசி எவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்று அளவு உண்டா? என் வசதிக்குள் என்ன செய்ய முடியும்?
— ஒரு பட்டறை உரிமையாளர்

பதில்: நீங்களாக முன்வந்து கேட்பதற்கு முதலில் என் நன்றி. அமெரிக்காவில் 2016-இல் வகுத்த விதிப்படி, எட்டு மணி நேர வேலையின் சராசரியாக, ஒரு கன மீட்டர் காற்றில் உள்ளிழுக்கத்தக்க படிகச் சிலிக்கா 50 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு தொழிலாளர் ஒரு வேலை நாளில் சுமார் 10 கன மீட்டர் காற்றைச் சுவாசிக்கிறார் என்று கொண்டால், அவர் உள்ளிழுக்க அனுமதிக்கப்படும் மொத்த அளவு 500 மைக்ரோகிராம், அதாவது அரை மில்லிகிராம். பொடியுப்பில் ஏழெட்டுப் பரல்களின் எடை. நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை வேறு விதமாகக் கணக்கிட்டது: தூசியில் உள்ள குவார்ட்ஸின் விழுக்காட்டோடு 2-ஐக் கூட்டி, வரும் எண்ணால் 10-ஐ வகுத்தால், ஒரு கன மீட்டர் காற்றில் அனுமதிக்கத்தக்க நுண்தூசியின் அளவு மில்லிகிராமில் கிடைக்கும். 30 விழுக்காடு குவார்ட்ஸ் உள்ள கிரானைட் தூசிக்கு இது 0.31 மில்லிகிராம், அதில் சிலிக்கா மட்டும் ஏறத்தாழ 94 மைக்ரோகிராம். அதாவது அமெரிக்க வரம்பைப்போல இரு மடங்கை ஒட்டியது. என் கருத்தில் நீங்கள் 50-ஐயே இலக்காகக் கொள்வது நல்லது.

இவ்வளவு சிறிய அளவைக் கண்ணால் மதிப்பிட முடியாது. 'தூசி தெரியவில்லை, ஆகவே சுத்தமாக இருக்கிறது' என்ற முடிவு தவறாகப் போவது இங்கேதான். அளப்பதற்கு, தொழிலாளரின் சட்டைக் காலரில் சிறு வடிகட்டியைப் பொருத்தி, இடுப்பில் கட்டிய பம்பால் வேலை நேரம் முழுதும் காற்றை இழுத்து, பிறகு ஆய்வகத்தில் சோதிப்பார்கள். இதற்குச் செலவாகும். அளந்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. உலர் அறுப்பும் உலர் தேய்ப்பும் நடக்கும் பட்டறையில் வரம்பு மீறியிருக்கும் என்று எடுத்துக்கொண்டே வேலையைத் தொடங்கலாம்.

அறுப்பு, தேய்ப்பு, விளிம்பு தீட்டல் எல்லாவற்றையும் ஈரத்துக்கு மாற்றுங்கள். பெரிய அறுப்பு இயந்திரங்கள் எங்கும் தண்ணீரோடுதான் ஓடுகின்றன. கையில் பிடிக்கும் கிரைண்டரில்தான் பெரும்பாலான பட்டறைகள் கோட்டைவிடுகின்றன. மின்சாரத்துக்குப் பதில் அழுத்தக் காற்றில் இயங்கும் ஈரக் கிரைண்டர்கள் கிடைக்கின்றன; தண்ணீரோடு அவையே பாதுகாப்பானவை. தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள பகுதி என்பதால், வழிந்த நீரை வண்டல் தொட்டியில் தெளியவிட்டு மறுபடி பயன்படுத்துங்கள். ஆனால் கலங்கலாகவே திருப்பிவிட்டால் அதன் சாரலிலும் சிலிக்கா பறக்கும். தரையில் தேங்கும் சேற்றை அன்றன்றே கழுவிவிட வேண்டும். இது காய்ந்தால் இன்று நீங்கள் தண்ணீரால் பிடித்த தூசி முழுவதும் நாளைக் காலை பெருக்குமாற்றுக்குக் காத்திருக்கும்.

கம்ப்ரசர் குழாயால் உடம்பிலும் உடையிலும் உள்ள தூசியை ஊதிவிடும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். எந்தப் பட்டறையிலும் மாலை ஐந்தரை மணிக்கு இதைப் பார்க்கலாம். நாள் முழுதும் அடக்கிய தூசியை ஐந்து நிமிடத்தில் முகத்தருகே எழுப்பிவிடுகிறது. உடை மாற்ற ஒரு மறைவிடமும், குளிக்கத் தண்ணீரும் இருந்தால், அவர்கள் தூசி படிந்த சட்டையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்க வேண்டியதில்லை. அந்தச் சட்டையைத் துவைப்பவர் பெரும்பாலும் மனைவியோ தாயோ என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: கூலிக்கு வேலை செய்து நோயாளி ஆனவருக்குச் சட்டப்படி என்ன கிடைக்கும்? பல முதலாளிகளிடம் மாறி மாறி வேலை செய்திருந்தால் யாரைக் கேட்பது?
— ஒரு தொழிற்சங்க உறுப்பினர், மதுரை

பதில்: சிலிக்கோசிஸ், அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய். தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அது இருந்தது. 2025 நவம்பரில் அச்சட்டத்தின் இடத்தில் வந்த 2020-ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்பிலும் இருக்கிறது. இந்நோயைக் காணும் மருத்துவர் தொழிலக ஆய்வுத் துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். நம் மாநிலத்தில் அது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். பல மருத்துவர்கள் இதைச் செய்வதில்லை; நோயாளியே எழுத்து மூலம் கேட்டால் மறுப்பது கடினம்.

வேலை செய்தவர் தொழிலாளர் அரசு காப்பீட்டுக் கழகத்தின் இ.எஸ்.ஐ. திட்டத்தில் பதிவு பெற்றவராக இருந்தால், தொழில்நோய்க்கான இயலாமை உதவித்தொகையை அந்தக் கழகமே தர வேண்டும். பதிவு இல்லாதவர்களுக்கு 1923-ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் இருந்தது; 2025 நவம்பரில் அதன் இடத்தில் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு வந்தது. அதன் மூன்றாம் அட்டவணையில் சிலிக்கோசிஸ் இடம்பெற்றுள்ளது. தொழிலாளர் துறையில் அதற்கென உள்ள அதிகாரியிடம் மனு கொடுக்க வேண்டும். பல முதலாளிகளிடம் வேலை செய்திருந்தால், அவர்கள் யாவரும் அந்த அதிகாரி நியாயமெனக் கருதும் பங்கைத் தர வேண்டும் என்று அச்சட்டமே சொல்கிறது; ஆகவே 'கடைசி முதலாளியைக் கேள்' என்று தட்டிக்கழிக்க முடியாது. மனுவுக்குப் பொதுவாக இரண்டு ஆண்டுக் கெடு உண்டு. தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தை அவர் மன்னிக்கலாம்.

குவாரியில் வேலை செய்தவர்களுக்கு மற்றுமொரு சான்று கிடைக்கக்கூடும். குவாரி, 2025 நவம்பர் வரை 1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத்துக்கு உட்பட்டிருந்தது. வேலைக்குச் சேரும்போதும், பின்னர் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையும் தொழிலாளரை மருத்துவப் பரிசோதனை செய்து 'படிவம் ஓ' என்ற சான்று தர வேண்டும் என்பது அதன் கீழ் இருந்த சுரங்க விதி. அந்தப் படிவத்தைக் கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால், கொடுக்கவில்லை என்பதையே மனுவில் எழுதுங்கள். கூலிச் சீட்டு, வருகைப் பதிவு, வங்கிக் கணக்கு எதுவும் இல்லாதவர்கள், உடன் வேலை செய்த இருவரின் உறுதிமொழியையாவது வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்நோய் நம் மக்களுக்குப் புதியதன்று. தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்கள் பெருமளவில் உழைத்த கோலார் தங்கச் சுரங்கத்தில் 1930-களிலேயே இது பதிவானது. மத்தியப் பிரதேசத்துப் பழங்குடியினர் குஜராத்தின் குவார்ட்ஸ் அரவை ஆலைகளில் வேலை செய்து இறந்த வழக்கில், 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் தரும்படி உச்ச நீதிமன்றம் 2016-இல் ஆணையிட்டது. அந்த வழக்கு தொடுக்கப்பட்டது 2006-இல். ராஜஸ்தான் அரசு 2019-இல் ஒரு கொள்கையை அறிவித்தது: நோய் உறுதியானதும் 3 லட்சமும், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சமும், எந்த முதலாளி என்று நோயாளி நிரூபிக்காமலேயே கிடைக்கின்றன. மூச்சு வாங்க முடியாதவரை நீதிமன்றப் படியேறச் சொல்லாத இந்த ஏற்பாட்டைத்தான் நம் மாநிலத்துக்கும் சங்கங்கள் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: என் மகன் அடுத்த மாதம் கிரஷரில் வேலைக்குச் சேரப்போகிறான். தடுக்க முடியவில்லை. எதைச் செய்து அனுப்புவது?
— ஒரு தாய், உசிலம்பட்டி

பதில்: சேருவதற்கு முன்பே ஒரு நெஞ்சு எக்ஸ்-ரேயும் ஸ்பைரோமெட்ரியும் எடுத்து, படத்தையும் அறிக்கையையும் நீங்களே பத்திரமாக வைத்திருங்கள். பிற்காலத்தில் மாற்றம் தெரிந்தால், வேலைக்கு முன் நுரையீரல் நன்றாக இருந்தது என்பதற்கு அதுவே சான்று. ஆண்டுக்கு ஒருமுறை ஸ்பைரோமெட்ரியைத் திரும்பச் செய்யுங்கள். எக்ஸ்-ரே எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்பதை, அங்கு தூசி எவ்வளவு என்பதைக் கேட்டு மருத்துவர் சொல்வார். வழக்கமாக இந்நோய் தெரியப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும், ஆனால் தூசி மிகுந்தால் ஐந்தாறு ஆண்டுகளிலும், மூடிய இடத்தில் அளவு கடந்தால் சில மாதங்களிலும்கூட வரும்; ஆகையால் 'இப்போதுதானே சேர்ந்தான்' என்று இருமலை அலட்சியம் செய்ய வேண்டாம். எந்த மருத்துவரிடம் எந்த நோய்க்குப் போனாலும், கிரஷரில் வேலை செய்கிறேன் என்பதை முதலில் சொல்லப் பழக்குங்கள்.